ஓக் மரத்தில் சாப்பாட்டு மேசை, நாற்காலி: வீட்டில் செய்தவர்களின் அனுபவங்கள்

கராஜ்தச்சன், நியூ ஜெர்சி

நேர்க்கோடு, சதுரக் கால், செதுக்கு வேலை ஒன்றுமில்லை, அதனால் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் (கைவேலையைப் போற்றி இங்கிலாந்தில் கிளம்பிய எளிய வடிவமைப்பு) பாணிதான் சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செதுக்கல் இருந்தால் பார்ப்பவர் கண் அதில் போய்விடும், மூட்டை யாரும் கவனிக்க மாட்டார்கள். இங்கே மூட்டேதான் அலங்காரம். சட்டத்தின் கழுந்து, அதாவது துளைக்குள் நுழைய நாக்கு மாதிரி வெட்டிய முனை, காலைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் கால் அங்குலம் வெளியே நிற்கும். அதைச் சுற்றி முடியளவு சந்து இருந்தாலும் சாப்பிட உட்காருகிற அத்தனை பேருக்கும் தெரியும்.

எங்களுக்குப் பக்கத்தில் பார்சிப்பனியில், இந்தப் பாணியை அமெரிக்காவில் பரப்பிய மேசை நாற்காலி தயாரிப்பாளர் கஸ்டவ் ஸ்டிக்லியின் பண்ணை வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. 1911-இல் செஸ்ட்நட் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டியது. மேசை நாற்காலி செய்ய ஆசைப்படுகிறவர்கள் படங்களைப் பார்ப்பதோடு நிற்காமல் ஒருமுறை நேரில் போய்க் குனிந்து பாருங்கள். வெளியே நீட்டிய கழுந்தின் ஓரங்களை லேசாகச் சரிவாக இழைத்து விட்டிருப்பார்கள். கை பட்டால் உறுத்தாது, சிராயும் பெயராது. எனக்கு ஒரு குற்ற உணர்ச்சி இருந்தது, கையால் செய்வதைப் போற்றுகிற பாணியை டேபிள் சா (மேசை ரம்ப இயந்திரம்) வைத்துச் செய்யலாமா என்று. ஆனால் ஸ்டிக்லி இயந்திரத்துக்கு எதிரி இல்லை. நியூயார்க் மாநிலத்தில் சிராக்யூஸ் பக்கத்தில் இருந்த அவருடைய பட்டறையில் இயந்திரங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அப்புறம் நமக்கென்ன?

மரத்துக்கு வருவோம். வெள்ளை ஓக், அதுவும் குவார்ட்டர் சான். ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்தது. அப்படி அறுத்தால்தான் பட்டுப்புடவையைத் திருப்பும்போது மினுங்குவது போல அந்த வெள்ளி வரிகள் வரும். சிக்கல் எங்கே என்றால், ஒரு சதுரக் காலில் இரண்டு பக்கம்தான் அந்த வரி விழும், மீதி இரண்டில் சாதா வரிதான். ஸ்டிக்லி அந்த இரண்டு பக்கத்திலும் மெல்லிய தகட்டை ஒட்டினார். அவருடைய தம்பிகள் லியோபோல்டும் ஜான் ஜார்ஜும் தனிக் கம்பெனி நடத்தியவர்கள், அவர்கள் நாலு பலகையை விளிம்பில் பூட்டி நடுவில் ஒரு துண்டைச் செருகி நாலு பக்கமும் வரி தெரியும்படி கால் செய்தார்கள். நான் ரவுட்டரில் (காடி வெட்டும் இயந்திரம்) லாக் மைட்டர் பிட், அதாவது பலகை விளிம்புகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்படி வெட்டுகிற அலகு, மாட்டி அந்த நாலு பலகை வழியில் போனேன். பிட்டின் உயரத்தைச் சரிக்கட்டத்தான் பொறுமை வேண்டும், சரிக்கட்டிவிட்டால் எல்லாக் கால்களையும் ஒரே மூச்சில் ஓட்டிவிடலாம்.

குவார்ட்டர் சான் வாங்குவது அழகுக்காக மட்டுமில்லை. என் மேசை 40 அங்குல அகலம். இங்கே கோடையில் புழுக்கம், குளிர்காலத்தில் ஹீட்டர் காற்றில் எல்லாம் காய்ந்துபோகும். மரத்தின் ஈரம் நாலு சதவீதம் ஏறி இறங்கினால் குவார்ட்டர் சான் பலகை கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக விரிந்து சுருங்கும், சாதா அறுப்பு என்றால் அரை அங்குலத்துக்கும் மேலே. அதனால் மேற்பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டவே கூடாது. சட்டத்தின் உள்பக்கம் காடி வெட்டி, சின்ன மரக்கட்டைகளை அதில் நாக்கு நுழைகிற மாதிரி வைத்து, கட்டையைப் பலகையில் திருகினால் போதும். பலகை தன் பாட்டுக்கு நகர்ந்துகொள்ளும்.

நாற்காலிதான் உயிரை வாங்கும். முன்பக்கம் 18 அங்குலம், பின்பக்கம் 16 என்று இருக்கை பின்னால் ஒடுங்கும், அதனால் பக்கச் சட்டங்கள் ஏறத்தாழ மூன்றரை டிகிரி கோணலாகக் காலில் போய்ச் சேரும். துளையை நேராகவே போட்டுவிட்டு, கோணத்தைக் கழுந்தில் வெட்டினேன். மூட்டுக்கு மர ஆணி அடிக்கும்போது கழுந்தில் உள்ள ஓட்டையைத் தோள்பக்கமாக (கழுந்து ஆரம்பிக்கிற பக்கம்) ஒரு அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப் போட்டால், ஆணி இறங்க இறங்க மூட்டு தானே இறுகும், கிளாம்ப் கூடத் தேவைப்படாது. கொட்டாப்புளியால் தட்டும்போது சத்தம் மாறும். பொதபொதவென்று இருந்தது 'டக்' என்று கெட்டியாகக் கேட்டால் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம்.

நிறத்துக்கு அமோனியா புகை. பாலித்தீன் கூடாரத்துக்குள் பொருளை வைத்து, தட்டில் அமோனியாவை ஊற்றி மூடிவிடுவது, ஓக்கில் உள்ள டானின் என்கிற துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து பலகை பழுப்பாகும். இதற்குச் சுமார் 26 முதல் 30 சதவீத அமோனியா, சுத்தம் செய்ய விற்கிற நீர்த்த சரக்கு மெதுவாகத்தான் வேலை செய்யும். கண்ணையும் நுரையீரலையும் பதம் பார்க்கிற சங்கதி இது, அமோனியாவுக்கு உரிய முகமூடியும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள், வீட்டோடு ஒட்டிய கராஜில் வேண்டவே வேண்டாம். நான் கொல்லைப்புறத்தில் செய்தேன். பட்டையை ஒட்டிய வெளிறிய வெளிமரத்தில் டானின் குறைவு, அது வெள்ளையாகவே நின்றுவிடும், அதை முன்பே வெட்டி எறிந்துவிடுங்கள்.

மரத்தூள், டல்லாஸ்

அண்ணா, அருமை. என் மேசைக்கு எண்ணெய்ப் பூச்சு மட்டும்தான் கொடுத்தேன், மரம் மரமாகவே தெரியட்டும் என்று. ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். ராத்திரி பாத்திரம் கழுவியவர் இரும்புக் கடாயை ஈரத்தோடு மேசைமேல் கவிழ்த்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். காலையில் பார்த்தால் கடாய் வாயளவுக்குக் கருநீல வளையம், மை ஊற்றின மாதிரி! அம்மா அதைத் துடைக்கத் துடைக்க என் வயிறு கலங்கியது. இரும்பும் ஈரமும் ஓக்கின் டானினும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும் என்று அப்புறம்தான் படித்தேன். அந்த இடத்தில் பூச்சை உப்புத்தாளால் எடுத்துவிட்டு ஆக்ஸாலிக் ஆசிட் கரைசல் தடவினேன், கண்ணெதிரே வெளுத்தது. நிறையத் தண்ணீர் விட்டுத் துடைத்து எடுக்க வேண்டும், உலர்ந்த தூள் மூக்கில் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாம்பார் மஞ்சள் கறைக்கு நான் ஒன்றும் செய்யவில்லை, ஜன்னல் வெயில் பட்டுப் பட்டு அதுவே மங்கிவிட்டது.

அமோனியாவெல்லாம் இங்கே நடக்காது, வீட்டில் விரட்டிவிடுவார்கள். நம்மைப் போல தினம் ரசம் ஊற்றிச் சாப்பிடுகிற வீட்டுக்கு எந்தப் பூச்சு நல்லது, சொல்லுங்கள்.

கருங்காலி, பாசடீனா

இந்தப் பக்கம் வந்தால் கேம்பிள் ஹவுஸைப் பார்க்காமல் போகாதீர்கள். கட்டிடக் கலைஞர்களான சார்ல்ஸ் கிரீன், ஹென்றி கிரீன் சகோதரர்கள் 1908-இல் வடிவமைத்த வீடு, சோப்புக் கம்பெனிக் குடும்பத்து டேவிட் கேம்பிளுக்காக. முன்கூடம் முழுக்க பர்மா தேக்கு, நம் ஊர்ப் பழைய வீடுகளில் தாத்தாக்கள் தடவித் தடவிப் பெருமைப்படுவார்களே, அதே மரம். சாப்பாட்டு அறை மஹோகனி. எதையும் தொட விடமாட்டார்கள், எனக்கோ கை பரபரத்தது.

ஸ்டிக்லி வேலையின் முறுக்கு மீசைக் கனத்தைவிட எனக்கு இவர்கள் வேலைதான் பிடிக்கும். ஒரு ஓரம்கூடக் கூர்மையாக இருக்காது. மேசைப் பலகையின் இரண்டு முனையிலும் குறுக்காக ஒரு சட்டம் போட்டு, அதைப் பிடிக்கிற திருகுகளைச் சதுரக் கருங்காலிக் குமிழால் மறைத்திருப்பார்கள். உள்ளே திருகுக்கு நீள்துளை, பலகை விரிந்து சுருங்க இடம். நான் என் பெஞ்சில் அதே மாதிரி போட்டேன். குமிழின் தலையைக் கொஞ்சம் உருண்டையாக்க, பழைய மவுஸ் பேடின் மேல் உப்புத்தாளை விரித்து அதில் சுழற்றித் தேய்த்தால் போதும், மெத்தென்று இருப்பதால் நாலு ஓரமும் சமமாகத் தேயும். குமிழைப் பலகை மட்டத்துக்கு இறக்கிவிடாதீர்கள், துளி மேலே நிற்க வேண்டும், விரல் ஓடும்போது தட்டுப்படுகிற அளவு.

வைக்கோல்மேசை, செல்டனம்

இங்கிலாந்தில் இருந்துகொண்டு அமெரிக்கக் கதையையே கேட்டுக்கொண்டிருந்தால் எப்படி? இங்கே கோட்ஸ்வோல்ட்ஸில் சாப்பர்டன் என்ற கிராமத்தில்தான் இதே பாணியின் ஆங்கில வடிவமைப்பாளர்கள் எர்னஸ்ட் கிம்சனும் பார்ன்ஸ்லி சகோதரர்களும் பட்டறை போட்டார்கள். செல்டனம் அருங்காட்சியகத்தில் அவர்கள் செய்தவை நிறைய இருக்கின்றன. சிட்னி பார்ன்ஸ்லி பெரும்பாலும் ஆள் வைக்காமல் தனியாகவே வேலை செய்தவர், அதனால் வீட்டுப் பட்டறைக்காரர்களுக்கு அவர்தான் சொந்தக்காரர் என்று நான் நினைத்துக்கொள்வேன். வைக்கோல் வாரியைப் பார்த்து அவர் அமைத்த மேசைக் கால் ஒன்று உண்டு. நடுவில் ஒரு கட்டை, முனையில் கவையாகப் பிரிந்து இரண்டு காலுக்கும் போகும். நான் செய்து பார்த்தபோதுதான் அதன் சூட்சுமம் புரிந்தது, முனையில் உட்காருகிறவருக்கு முழங்காலும் பாதமும் எதிலும் இடிக்காது. நம் வீட்டில் பெரியப்பா அங்கேதான் உட்காருவார்.

இவர்கள் ஓக்கைப் பெரும்பாலும் கறுப்பாக்குவதில்லை, அதன் நிறத்திலேயே விட்டுவிடுவார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது, புகை போட்டு நூறு வருஷத்துப் பழசாகக் காட்ட வேண்டிய அவசியம் என்ன?

நாற்காலிக்கு நான் ஓக் பக்கமே போகவில்லை. கிம்சன் 1890-இல் ஹெரிஃபோர்ட்ஷயரில் ஃபிலிப் கிளிசெட் என்ற கிழவரிடம் ஏணி முதுகு நாற்காலி கற்றுக்கொண்டார். ஆஷ் மரக் கால், கோரை பின்னிய இருக்கை. எடை கம்மி, குழந்தையே இழுத்துப் போட்டுக்கொள்ளும்.

கராஜ்தச்சன், நியூ ஜெர்சி

செல்டனம் நண்பரே, புகை விஷயத்தில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை, விடுங்கள். நாற்காலி எடையில் நீங்கள் சொல்வது முழுக்க உண்மை, என்னுடையதை இழுத்தால் தரை அலறுகிறது.

டல்லாஸ் தம்பிக்கு: மேற்பலகைக்கு மட்டும் துணியால் தடவுகிற பாலியூரித்தேன் வார்னிஷ், மெல்லியதாகப் பல பூச்சு. பலகையின் அடிப்பக்கத்துக்கும் அதே அளவு கொடுங்கள், ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்தால் பலகை வளையும். கால், நாற்காலி எல்லாவற்றுக்கும் எண்ணெயும் மெழுகும் போதும். கடாய்க்கு வார்னிஷை நம்பாதீர்கள், அம்மாவிடமும் ஒன்றும் சொல்லாதீர்கள். டானின் குறைந்த மேப்பிள் மாதிரி மரத்தில் ஒரு சின்னப் பலகை செய்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள், கடாயை அவரே அதன்மேல் கவிழ்த்துவிடுவார்.