நிழல் நகர்ந்த அந்த ஐந்து விநாடி

அமாவாசையை ஒட்டிய நவம்பர் இரவு. நானும் அண்ணனும் வெட்டவெளியில் விரிப்பைப் போட்டுப் படுத்திருந்தோம். மணி பதினொன்று இருக்கும். கார்த்திகைக் கூட்டம் நன்றாக மேலே ஏறிவிட்டது. ஒன்றரை மணி நேரத்தில் பார்த்தது நாலே நாலு எரிகல். எல்லாம் கண் சிமிட்டுவதற்குள் மறைந்த சின்னக் கீற்றுகள்.

ஐந்தாவதை நான் முதலில் பார்த்தது வானத்தில் இல்லை, என் கையில். பிளாஸ்கைத் திறக்கக் குனிந்திருந்தேன். மூடியின் விளிம்பு, விரல் நகம், விரிப்பின் மடிப்பு எல்லாம் பச்சை கலந்த வெள்ளையில் பளிச்சென்று தெரிந்தன. யாரோ டார்ச் அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் கையின் நிழல் விரிப்பின் மேல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. "மேல பாரு, மேல பாரு!" என்று அண்ணன் கத்தினான்.

நிமிர்ந்தபோது வடக்கே போய்க்கொண்டிருந்தது. விழுகிறது என்று சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவு நிதானம். உருண்டைத் தலை, பின்னால் ஆரஞ்சு வால். துருவ நட்சத்திரத்தைத் தாண்டியதும் ஒருமுறை வெடித்துப் பிரகாசித்து மூன்று துண்டாகி, ஒவ்வொன்றும் சிவந்து அணைந்தது. மொத்தம் ஐந்து விநாடி. பாதையைப் பின்னோக்கி நீட்டினால் கார்த்திகைப் பக்கம் போய் நின்றது, அதனால் அந்தப் பக்கமிருந்து வருவதுபோல் தெரியும் டாரிட் எரிகல் பொழிவைச் சேர்ந்தது என்றே நம்புகிறேன். என்கே வால்மீன் உதிர்த்த அந்தத் துகள்கள் விநாடிக்கு 30 கி.மீ.க்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும். எரிகற்களில் அது மெதுவான வேகம். வெள்ளிக் கிரகத்தைவிடப் பிரகாசமாக இருந்தாலே தீப்பந்து என்பார்கள். இது நிழலையே ஓடவைத்தது!

அணைந்ததும் வாட்சைப் பார்த்தேன். 80 கி.மீ. தள்ளி உடைந்திருந்தால்கூடச் சத்தம் வந்துசேர நாலு நிமிடம் ஆகும். பத்து நிமிடம் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தோம், ஒன்றும் வரவில்லை. ஆனால் அது எரியும்போதே சருகு நொறுங்குகிற மாதிரி 'சர்ர்' என்று கேட்டதாக அண்ணன் சொல்கிறான். எனக்குக் கேட்கவில்லை. அவன் மிகைப்படுத்துகிற ஆள் இல்லை.

காத்திருந்த நேரத்தில் பேசிக்கொள்ளாமல் தனித்தனியே எழுதினோம். நான் பச்சை என்றேன், அவன் நீலம் என்று எழுதியிருந்தான். முடிந்த இடம் மட்டும் இருவருக்கும் ஒன்று: துருவத்துக்கு இடப்புறம், கையை நீட்டிப் பிடித்தால் ஒன்றரை முஷ்டி, அதாவது 15 பாகை. சர்வதேச எரிகல் அமைப்பின் படிவத்தில் திசை, உயரம், எத்தனை விநாடி என்றுதான் கேட்கிறார்கள். வெவ்வேறு இடத்தில் நின்றவர்களின் பதிவுகளைச் சேர்த்தால் பாதை கிடைத்துவிடும். தயவுசெய்து பார்த்தவுடன் எழுதிவிடுங்கள். போட்டோ எடுக்க முடியவில்லையே என்ற வருத்தமெல்லாம் அப்புறம்.

———

உங்கள் அண்ணன் கேட்டதை நான் நம்புகிறேன். ஒளி படபடவென்று துடிக்கும்போது இலை, தலைமுடி போன்றவை சூடாகிப் பக்கத்துக் காற்றை அதிரவைக்கலாம் என்று 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. சத்தம் பக்கத்திலேயே பிறப்பதால் தாமதம் இருக்காது.

நான் பார்த்தது ஆகஸ்டில், பெர்சீட் எரிகல் பொழிவின் உச்சத்தில், விடிவதற்கு முன். விநாடிக்கு 59 கி.மீ. வேகம், ஒரே வெட்டு. ஆனால் அது போன தடம் வானத்திலேயே நின்றது. பைனாகுலரில் பார்த்தபோது நேர்கோடாக இருந்த புகைநூல் மெல்ல வளைந்து பாம்பாக நெளிந்தது. அந்த உயரத்திலும் காற்று அடிக்கிறது என்பதைக் கண்ணால் கண்டேன். என் பக்கத்தில் இருந்தவர்கள் அடுத்த எரிகல்லுக்காக வேறு பக்கம் திரும்பிவிட்டார்கள். பெரியது ஒன்று போனால் போன இடத்தையே பார்த்துக்கொண்டிருங்கள்.

———

எனக்கு மேகமூட்டம், தீப்பந்தைப் பார்க்கவே இல்லை. மேகம் முழுக்க உள்ளிருந்து விளக்குப் போட்டதுபோல் வெளுத்தது. மின்னல் என்றால் துடித்திருக்கும். இது ஏறி இறங்கியது. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்கில் பெரிய எரிகல் ஒன்று வானில் வெடித்தபோது, வெளிச்சத்தைப் பார்க்க ஜன்னலுக்கு ஓடிவந்தவர்கள் மேல்தான், அதிர்வலை தாமதமாக வந்து கண்ணாடியைச் சிதறடித்தது. சுமார் 1,500 பேர் காயமடைந்தார்கள். அது ஞாபகம் வந்து, வேடிக்கை பார்க்க எழுந்த மகளை ஜன்னலைவிட்டு இழுத்துக்கொண்டேன். நூறு விநாடி தாண்டியதும் தூரத்தில் கதவை அறைந்தது போல் ஒரு 'தொம்'. கண்ணாடி லேசாகக் கிர்ரென்றது, அவ்வளவுதான். "இப்பப் போய்ப் பார்க்கலாமா?" என்றாள்.