16 ஜிபி ரேம் இருந்தும் எக்ஸெல் 2010-க்கு நினைவகம் போதவில்லையாம்

நூல்கடைக் கணக்கர்:
திருப்பூரில் நூல் வியாபாரக் கணக்கு பார்க்கிறேன். புது லேப்டாப், 64 பிட் விண்டோஸ், 16 ஜிபி ரேம். எக்ஸெல் மட்டும் பழைய 2010தான். புது ஆபீஸுக்கு முதலாளி சந்தா கட்ட மாட்டார். ஸ்டாக் ஃபைலையும் பார்ட்டி லெட்ஜரையும் சேர்த்துத் திறந்தால் நினைவகம் போதாது என்று நின்றுவிடுகிறது. டாஸ்க் மேனேஜரில் பாதி ரேம் சும்மா கிடக்கிறது. அப்புறம் எதற்கு இவ்வளவு ரேம்?

பதில்:
ஃபைல் மெனுவில் ஹெல்ப் போய்ப் பாருங்கள், வெர்ஷன் எண்ணுக்குப் பக்கத்தில் 32 பிட் என்று இருக்கும். 32 பிட் எக்ஸெல் 2010, 2 ஜிபிக்கு மேல் தொடாது. ரேம் 64 ஜிபி ஆனாலும் அதே கதைதான். ஆபீஸ் 64 பிட்டில் முதன்முதலாக வந்ததே 2010-இல்தான்; டிஸ்கில் எக்ஸ்64 ஃபோல்டரில் இருக்கும். பழைய 32 பிட்டை முழுதாக நீக்கிவிட்டு 64 பிட்டைப் போடுங்கள், இரண்டும் ஒன்றாக இருக்காது.

நூல்கடைக் கணக்கர்:
32 பிட்டேதான். 64 பிட்டுக்கு மாறினால் மேக்ரோக்கள் (எக்ஸெல் வேலைகளைத் தானாகச் செய்யும் நிரல்கள்) ஓடுமா?

பதில்:
சாதாரண மேக்ரோ ஓடும். நிரலில் விண்டோஸின் வசதிகளை அழைக்கும் ‘டிக்ளேர்’ (Declare) வரிகள் இருந்தால், அவற்றில் ‘பிடிஆர்சேஃப்’ (PtrSafe) என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். ஃபார்மில் தேதி எடுக்கும் பழைய காலண்டர் கன்ட்ரோல் வைத்திருந்தால் அது வராது. தேதியைக் கையால் அடிக்க வேண்டியதுதான்.

இன்னொருவர்:
சரி, அதற்கு முன் கன்ட்ரோல்+எண்ட் அழுத்துங்கள். கர்சர் 10,48,576-ஆவது வரிக்கு ஓடினால், காலி வரிகளுக்கெல்லாம் கட்டம் போட்டிருக்கிறீர்கள். அவற்றை அழித்து, எக்ஸெலின் பைனரி வடிவமான எக்ஸ்எல்எஸ்பியாகச் (.xlsb) சேமித்தாலே ஃபைல் இளைத்துவிடும். 2010-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 அக்டோபரோடு நின்றுவிட்டது, மெயிலில் வரும் ஃபைல்களை அதில் திறக்காதீர்கள்.