பழைய பைக்கில் வீட்டிலேயே கை வைத்த அனுபவங்கள்

அப்பா ஓட்டிய 100 சிசி வண்டி இப்போது என் கையில் இருக்கிறது. நான்கு ஸ்ட்ரோக், கிக்கர் மட்டும்தான். கொஞ்ச காலமாக ஸ்டார்ட்டிங் டிரபிள் கொடுத்து வந்தது. எப்படியோ ஸ்டார்ட் செய்துவிட்டாலும் ஆக்ஸிலேட்டரை விட்டதும் அணைந்துவிடும். வெளியில் காட்டும்போதெல்லாம் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, புது பிளக் போட்டுத் தருவார்கள். சில நாள் பரவாயில்லை என்று தோன்றும். அப்புறம் பழைய கதைதான்.

எனக்கு உறுத்தியது கிக்கர். நல்ல கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்) உள்ள இன்ஜினில் கிக்கரை மெதுவாக அழுத்தினால் ஒரு இடத்தில் காலை எதிர்த்து நிற்கும். இதில் அந்த எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு கீழே போனது. "ரிங் போயிருக்கும், போர் பண்ணிடலாம்" என்று, அதாவது பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கும், சிலிண்டரைக் கடைந்துவிடலாம் என்று யோசனை சொன்னார்கள். ஆனால் சைலன்ஸரில் நீலப் புகை இல்லை, ஆயிலும் குறையவில்லை. ரிங் அந்த அளவுக்குத் தேய்ந்திருந்தால் இன்ஜின் ஆயிலைக் குடித்திருக்கும். அப்படியானால் கம்ப்ரஷன் மேலே வால்வு வழியாகத்தான் போகிறது. செலவில்லாமல் பார்க்கக்கூடியது டாப்பெட், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் என்கிற நெம்புகோலுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. அதை முதலில் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

இந்த வேலையை இன்ஜின் முழுக்க ஆறிய பிறகுதான் செய்ய வேண்டும். இரவு முழுவதும் நிறுத்தி வைத்துக் காலையில் தொடங்கினேன். பிளக்கைக் கழற்றிவிட்டால் இன்ஜினைச் சுற்றுவது எளிது. மேக்னெட் கவரில் இருக்கும் இரண்டு மூடிகளையும் திறந்து, நடு போல்ட்டில் ஸ்பானர் போட்டுச் சுற்றினால் சக்கரத்தில் பொறித்திருக்கும், பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் T குறி தெரியும். பலரும் தடுமாறுவது இங்கேதான். நான்கு ஸ்ட்ரோக்கில் ஒரு முழு வேலைக்கு கிராங்க் இரண்டு சுற்று சுற்றுகிறது, அதனால் T குறி இரண்டு தடவை வரும். நமக்கு வேண்டியது கம்ப்ரஷன் முடியும் இடத்தில் வருவது. இன்லெட் ராக்கர் வால்வை அழுத்திவிட்டு மேலே வரும்வரை பார்த்துக்கொண்டே சுற்ற வேண்டும். அது மேலே ஏறிய பிறகு அடுத்து வரும் T தான் சரியானது. அந்த நிலையில் இரண்டு ராக்கரையும் விரலால் பிடித்து ஆட்டினால் லேசான ஆட்டம் இருக்க வேண்டும்.

இன்லெட்டில் இருந்தது. 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசாக உரசிக்கொண்டு உள்ளே போனது. எக்ஸாஸ்ட்டில் ராக்கர் அசையவே இல்லை. என்னிடம் இருந்ததிலேயே மெல்லிய தகடும் நுழையவில்லை. இடைவெளி பூஜ்ஜியம் என்றால் வால்வு ஒருபோதும் முழுதாக மூடுவதில்லை என்று பொருள். கம்ப்ரஷன் அந்த வழியாகக் கசியும். அதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை சீட்டில் (மூடும்போது வால்வு பதியும் வளையம்) உட்காரும் நேரத்தில்தான் ஹெட்டுக்கு (சிலிண்டரின் மேல் பகுதி) இறக்குகிறது. சீட்டில் உட்கார முடியாவிட்டால் சூடு இறங்காது, வால்வின் விளிம்பு எரிந்துபோகும்.

லாக் நட்டைத் தளர்த்தி, மேனுவலில் சொன்ன அளவுக்கு வைத்தேன். நட்டை மறுபடி இறுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து சற்றுத் திரும்பிவிடும். அதனால் ஸ்க்ரூவை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கி, திரும்பவும் தகட்டை விட்டுப் பார்க்க வேண்டும். பிளக்கைப் போட்டு மிதித்தபோது கிக்கர் காலை எதிர்த்து நின்றது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வண்டி ஸ்டார்ட் ஆகி, சோக்கை எடுத்த பிறகும் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.

இதை விரிவாக எழுதக் காரணம், டாப்பெட் லேசாகச் சத்தம் போட்டாலே "டைட் வைங்க" என்று நாமே கேட்டு வாங்குகிறோம். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. இடைவெளி கொஞ்சம் அதிகமானால் டிக் டிக் என்று சத்தம் வரும், இழுவை சற்றுக் குறையும். இடைவெளி இல்லாமல் போனால் சத்தமே வராது, உள்ளே வால்வு வெந்துகொண்டிருக்கும். பழைய வண்டியில் டாப்பெட் சத்தம் லேசாகக் காதில் விழுந்துகொண்டே இருந்தால் நல்லது. உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

பதில்:

அருமையா விளக்கியிருக்கீங்க அண்ணா. ஆனால் கார்புரேட்டரை முழுக்க விட்டுவிடவும் முடியாது. என் வண்டி ஒரு மழைக்காலம் முழுவதும் ஓடாமல் நின்றது. அதற்குப் பிறகு சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகும், சோக்கைத் தள்ளியதும் அணைந்துவிடும், ஆக்ஸிலேட்டரைப் பாதிக்கு மேல் திருகினால் எந்தக் குறையும் இல்லாமல் ஓடும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் பைலட் ஜெட்டைத்தான் (ஆக்ஸிலேட்டரை விட்ட நிலையில் பெட்ரோல் விடும் சின்னத் துளையுள்ள பாகம்) சந்தேகப்பட வேண்டும். மெயின் ஜெட்டின் துளை பெரிது, லேசில் அடைக்காது. பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர் கூட இல்லை. தேங்கிய பெட்ரோல் ஆவியாகி மிச்சம் விடும் பிசின் அதை அடைக்கப் போதும். கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். வட்டமாகத் தெரிய வேண்டிய துளை பிறை மாதிரி ஒரு ஓரத்தில் மட்டும் தெரிந்தது.

கார்ப் கிளீனரில் ஊறவைத்து, பிரஷ்ஷிலிருந்து பிடுங்கிய ஒரு நைலான் இழையை உள்ளே விட்டு, பிறகு காற்றடித்தேன். ஊசியோ இரும்புக் கம்பியோ விடவே கூடாது. ஜெட் பித்தளை, துளை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட் அத்தோடு போயிற்று.

ஜப்பானிய டிசைன் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. கார்புரேட்டர் அடிக் கிண்ணத்தில் இருக்கும் ஸ்க்ரூ பார்க்க சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ மாதிரியே இருக்கும். அது பிலிப்ஸ் இல்லை, ஜே.ஐ.எஸ். என்கிற ஜப்பானிய அளவு. பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுதாக உட்காராது, அழுத்தித் திருகினால் நழுவித் தலையை மழுக்கிவிடும். பல ஸ்க்ரூக்களின் தலையில் அடையாளத்துக்கு ஒரு சின்னப் புள்ளி குத்தியிருப்பார்கள். அதற்குரிய டிரைவர் ஒன்று வாங்கி வைத்தால் ஆயுளுக்கும் உதவும்.

இப்போதெல்லாம் வண்டியை நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டுக் கிண்ணத்தின் டிரெயின் ஸ்க்ரூவைத் திறந்து காலி செய்துவிடுகிறேன்.

பதில்:

என்னுடையது எலக்ட்ரிகல். ஹெட்லைட் மங்கல், ஹார்ன் அடித்தால் லைட் இன்னும் இறங்கும். பேட்டரியை மாற்றியும் அதேதான். மல்டிமீட்டரை எடுத்துப் பார்த்தேன். நிறுத்திய நிலையில் பேட்டரி 12.6 வோல்ட், இன்ஜினை ஏற்றிப் பிடித்தால் 14க்கு மேல். பேட்டரியும் சார்ஜிங்கும் நன்றாக இருக்கின்றன, கரன்ட் போகிற வழியில்தான் கோளாறு.

லைட்டைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ்விலும் இன்னொன்றை ஃபிரேமின் வெறும் இரும்பிலும் வைத்தேன். எர்த் ஒழுங்காக இருந்தால் இங்கே கிட்டத்தட்ட பூஜ்ஜியம் காட்ட வேண்டும். எனக்கு ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. டேங்கைக் கழற்றிப் பார்த்தால், எர்த் ஒயரின் வளையம் பெயின்ட்டுக்கு மேலேயே போல்ட் போடப்பட்டிருந்தது. முன்பு யாரோ ஃபிரேமுக்குப் பெயின்ட் அடித்தபோது அந்த இடத்தைச் சுரண்டாமல் விட்டிருக்கிறார்கள். போல்ட்டின் மரை வழியாக மட்டும் கரன்ட் போய்க்கொண்டிருந்தது, அதுவும் துருப்பிடித்துவிட்டது. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, வளையத்தையும் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவினேன். ஹெட்லைட் வெள்ளையாக எரிகிறது. அதற்காக ஒரு பொருளும் மாற்றவில்லை.

பதில்:

எல்லாரும் இன்ஜின், ஒயரிங் பற்றி எழுதியாயிற்று. செயின் பற்றி ஒரு வேண்டுகோள் மட்டும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கியரில் போட்டு ஓடவிட்டுத் துணியால் செயினைத் துடைக்கும் பழக்கம் இருந்தால் தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள். துணி மாட்டினால் விரலும் கூடவே ஸ்ப்ராக்கெட்டுக்குள் போகும், கையை இழுக்க நேரம் இருக்காது. எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் அப்படி விரல் நுனியை இழந்தார். இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றினாலே போதும். அப்படிச் சுற்றினால் செயின் எந்த இடத்தில் இறுகுகிறது என்பதும் தெரிந்துவிடும். அந்த இறுக்கமான இடத்தில்தான் தொய்வை அளக்க வேண்டும்.

முதலில் எழுதியவர்:

எர்த் விஷயம் படித்ததும் என் வண்டியிலும் மீட்டர் வைத்துப் பார்த்தேன், நல்லவேளை சரியாக இருக்கிறது. செயின் பற்றிச் சொன்னதற்கு மிக்க நன்றி, இதை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம்.

என் வண்டியின் நிலவரம்: சுமார் 500 கி.மீ. ஓட்டிவிட்டு எக்ஸாஸ்ட் டாப்பெட்டை மறுபடி அளந்தேன். வைத்ததைவிடக் குறைந்திருக்கிறது. இவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்றால் வால்வு சீட்டுக்குள் இறங்குகிறது, முன்பு டைட்டாக ஓடியதில் சீட்டில் பதியும் வால்வின் முகம் கெட்டிருக்க வேண்டும். அடுத்து ஹெட்டைக் கழற்றுகிறேன். பிளக்கைப் போட்டு ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, குழியில் மண்ணெண்ணெய் ஊற்றி, எக்ஸாஸ்ட் துவாரத்தில் ஈரம் கசிகிறதா என்று பார்ப்பேன். விளிம்பு எரிந்திருந்தால் புது வால்வு, இல்லையென்றால் கிரைண்டிங் பேஸ்ட் போட்டுக் கையால் உரசி சீட்டிங் எடுக்கலாம் என்று இருக்கிறேன். கையால் செய்தவர்கள் யாராவது இருந்தால் எவ்வளவு உரசலோடு நிறுத்தினீர்கள், கடைசியில் எந்த ரகப் பேஸ்ட் போட்டீர்கள் என்று சொல்லுங்கள்.