புதுக்கோட்டை வீட்டுக் குழுவில்: அமெரிக்காவில் படிக்கத் தடுமாறுபவர்கள்

சேகர் மாமா: வித்யா, அமெரிக்காவில் பெரியவர்களில் 28 விழுக்காட்டினருக்குச் சரியாகப் படிக்க வராது என்று ஒரு ஃபார்வர்டு வந்தது. நம்பும்படியாக இல்லை. நீ அங்கே நூலகத்தில் சொல்லித் தருகிறாயே, உண்மையா?

வித்யா: உண்மைதான் மாமா. ஓஇசிடி, அதாவது வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு, 31 நாடுகளில் 16 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்குத் தேர்வு வைத்து எடுத்த கணக்கு. 2024 டிசம்பரில் வெளியானது. அமெரிக்காவில் 2017இல் 19 விழுக்காடாக இருந்தது, 2023இல் 28 ஆகிவிட்டது.

வித்யா: ஆனால் இவர்கள் எல்லோருக்கும் எழுத்தே தெரியாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலோர் சின்ன வாக்கியங்களைப் படிப்பார்கள், அதில் கேட்ட ஒரு தகவலைத் தேடியும் எடுப்பார்கள். நாலு பக்கக் கடிதம் வந்தால்தான் சிக்கல். இரண்டாம் பக்கத்தில் இருக்கும் நிபந்தனையையும் கடைசிப் பக்கத்தில் இருக்கும் தேதியையும் சேர்த்துப் புரிந்துகொள்ள முடியாது.

சேகர் மாமா: வெளிநாட்டிலிருந்து போனவர்களையும் சேர்த்திருப்பார்களே மா? ஸ்பானிஷ் பேசுகிறவருக்கு ஆங்கிலம் வரவில்லை என்றால் படிக்காதவர் ஆகிவிடுவாரா?

வித்யா: நியாயமான கேள்வி மாமா. தேர்வு ஆங்கிலத்தில்தான். தாய்மொழியில் நன்றாகப் படிக்கிறவரும் அதில் கீழே போய்விடலாம். ஆனால் 2012-14 கணக்கெடுப்பைப் பிரித்துப் பார்த்தபோது, கீழ்நிலையில் இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். என்னிடம் படிக்க வரும் ஒரு அம்மா ஹூஸ்டனில் பிறந்து அங்கேயே பள்ளிக்கும் போனவர். விலைப்பட்டியல், கைபேசிச் செய்தி எல்லாம் படிப்பார். நீளமான கடிதம் வந்தால் ஆறாம் வகுப்பு படிக்கும் மகளிடம் கொடுத்துவிடுவார். அந்தப் பிள்ளைதான் வீட்டுக்கு எழுத்தர்.

மல்லிகா பெரியம்மா: பாவம், அந்தக் குழந்தை.

கார்த்திக்: அக்கா, நானும் டாலஸில்தான் இருக்கிறேன், இது கண்ணிலேயே படவில்லை. இதற்கும் வறுமைக்கும் எவ்வளவு தொடர்பு?

வித்யா: நிறைய, கார்த்திக். அரசாங்கக் கணக்கிலேயே 2023இல் வறுமைக்கோட்டுக்குக் கீழே 3.68 கோடிப் பேர். சாப்பாட்டுக்கு உத்தரவாதமில்லாமல் இருந்த குடும்பங்கள் 1.8 கோடி. 2024 ஜனவரியில் ஒரே இரவில் எண்ணியபோது வீடில்லாதவர்கள் 7,71,480 பேர். இவ்வளவு பணம் இருக்கிற நாட்டில்! இவர்கள் அரசு உதவி கேட்டால் படிவமும் நீளமான கடிதமும்தான் வரும், படிக்கத் தடுமாறுகிறவர் அங்கேயே நின்றுவிடுவார்.

வித்யா: எனக்குத் தாங்க முடியாதது மெடிகெய்டு கணக்குதான். வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு அது. கொரோனா காலத்தில் யாரையும் நீக்கக்கூடாது என்று விதி இருந்தது. 2023 வசந்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். அதன்பின் நடந்த மறுபரிசீலனையில் 2.5 கோடிப் பேருக்கு மேல் நீக்கப்பட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய 69 விழுக்காட்டினரை நீக்கக் காரணம் நடைமுறைக் குறைகள். தகுதி இல்லை என்று யாரும் தீர்மானிக்கவில்லை. படிவம் திரும்பி வரவில்லை, கடிதம் பழைய முகவரிக்குப் போனது, ஒரு சான்று குறைந்தது, இப்படி. அவர்களில் சிலருக்கு வேறு காப்பீடு கிடைத்திருக்கும், சரி. ஆனாலும் உதவியை இவ்வளவு காகிதத்துக்குப் பின்னால் வைத்தால், அது அதிகம் தேவைப்படுகிறவர்தான் முதலில் வெளியே நிற்பார்.

கார்த்திக்: 2021இல் குழந்தை வரிச் சலுகைப் பணம் தானாகவே வங்கிக் கணக்கில் விழுந்ததே, அக்கா?

வித்யா: அதைத்தான் சொல்ல வந்தேன். அந்த ஆண்டுக்கு மட்டும் தொகையைக் கூட்டியிருந்தார்கள், ஜூலை முதல் டிசம்பர் வரை மாதாமாதம் வந்தது. வரிக்கணக்கு கொடுத்திருந்த குடும்பங்கள் தனியாக விண்ணப்பிக்கவே வேண்டாம். அந்த ஆண்டு, அரசு உதவிகளையும் சேர்த்துப் பார்க்கும் அளவுகோலில் குழந்தைகளின் வறுமை 5.2 விழுக்காடாக இறங்கியது. கூடுதல் தொகை நின்றதும் 2022இல் 12.4, 2023இல் 13.7. தொகை பெரிதாக இருந்ததுதான் முக்கியக் காரணம், ஆனால் படிவம் கேட்காமல் வந்ததும் சின்ன விஷயமில்லை.

மல்லிகா பெரியம்மா: வித்யா, 1991இல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது நானும் தொண்டராகப் போனேன், உனக்குத் தெரியும். "அம்மா, ஆடு" என்று குழந்தைப் பாடத்தில் ஆரம்பிக்கவில்லை. பட்டா என்று எழுதப் படிக்கத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தோம். அவர்கள் கையில் இருந்த காகிதம் அதுதான். நீ அந்த அம்மாவுக்கு என்ன புத்தகம் வைத்திருக்கிறாய்?

வித்யா: நூலகத்தில் கொடுத்த பாடப்புத்தகம்தான் பெரியம்மா. கதைகள் இருக்கும்.

மல்லிகா பெரியம்மா: கதை இருக்கட்டும். வீட்டுக்கு வந்திருக்கிற கடிதத்தையே எடுத்துவரச் சொல். தேதி எங்கே இருக்கிறது, கையெழுத்து எங்கே போட வேண்டும், யாருக்கு போன் செய்ய வேண்டும், இந்த மூன்றையும் அவரே விரல் வைத்துக் காட்டட்டும். நீ படித்துக் காட்டிவிடாதே. மகள் செய்வதையே நீயும் செய்தால் அவர் எப்போது கற்றுக்கொள்வார்?

வித்யா: சரி பெரியம்மா. சனிக்கிழமை வகுப்புக்கே கொண்டுவரச் சொல்கிறேன்.

சேகர் மாமா: கணக்கு எப்படி மா?

வித்யா: அது இன்னும் மோசம். எண்ணறிவில் கீழ்நிலையில் 34 விழுக்காடு. தள்ளுபடி, வட்டி எல்லாம் குழப்புகிறது.

சேகர் மாமா: வட்டிக்கணக்கு நான் எழுதித் தருகிறேன். வங்கியில் முப்பது வருஷம் அதைத்தானே எல்லோருக்கும் விளக்கினேன். டாலரில் உதாரணங்கள் அனுப்பு.

கார்த்திக்: அக்கா, இங்கேயும் நூலகங்களில் சொல்லித்தரச் சேர்த்துக்கொள்வார்களா? எனக்கு ஞாயிறு மட்டும்தான் ஓய்வு.

வித்யா: கேட்டுப் பார். பல இடங்களில் ஆள் போதாமல்தான் இருக்கிறார்கள். முதலில் ஒரு பயிற்சி வகுப்பு இருக்கும், தனியே அழைக்கிறேன்.