படகில் குடியிருந்துகொண்டு ஈசூன் வீட்டை வாடகைக்கு விட்டால் கட்டுமா?

ஈசூன் மல்லிகா:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 54 வயது. பலதுறை மருந்தகம் ஒன்றில் பதிவு முகப்பில் வேலை, அடுத்த ஆண்டு விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். கணவர் பிரிட்டிஷ் குடிமகன், லெஸ்டரில் வளர்ந்த தமிழர். அங்குள்ள கால்வாய்களில் ஓடும் நேரோபோட் என்ற ஒடுக்கமான நீளப் படகு ஒன்றை வாங்கி அதிலேயே குடியிருக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. படகு வாங்குவதற்கான சேமிப்பு அவரிடம் இருக்கிறது.

என்னுடையது ஈசூனில் நாலறை மறுவிற்பனை வீடு. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது, என் பெயரில் மட்டும் இருக்கிறது. கடன் அடைந்துவிட்டது. முழு வீட்டையும் விட்டால் மாதம் 3,100 வெள்ளி வரும் என்கிறார் முகவர். படகுக்கு வாடகை இல்லை, வீட்டு வாடகை அப்படியே கைக்கு வரும், அதில் இரண்டு பேர் நிம்மதியாக இருக்கலாம் என்று இவர் கணக்குப் போடுகிறார். இவருக்கு ஓய்வூதியம் வர இன்னும் சில ஆண்டுகள் ஆகும்.

எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. அம்மா பொங்கோலில் தம்பி வீட்டில் இருக்கிறார். ஒரே அடியாகப் போய்விடாமல், முதலில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வீட்டை வாடகைக்கு விட்டு, அங்கே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாமா? அந்த வாடகைப் பணம் உண்மையில் போதுமா? செய்து பார்த்தவர்கள் சொன்னால் நல்லது.

செங்காங் குமார்:

அக்கா, படகைப் பற்றி எனக்குத் தெரியாது. வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். அப்பா அம்மா என்னோடு வந்துவிட்டதால் அவர்களுடைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை முழுதாக வாடகைக்கு விட்டிருக்கிறோம், நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

நீங்கள் குடிமகள், ஐந்தாண்டுக் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலமும் முடிந்திருக்கும், அதனால் முழு வீட்டையும் விடலாம். நிரந்தரவாசிகளுக்குத்தான் அந்த உரிமை இல்லை. ஆள் குடிவருவதற்கு முன்பே வீவகவின் ஒப்புதல் வேண்டும். ஒரு குத்தகை 6 மாதத்துக்குக் குறையக்கூடாது. மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு விடுவதானால் ஒதுக்கீடு ஒன்று இருக்கிறது: வட்டாரத்தில் 8%, புளோக்கில் 11%. உங்கள் புளோக்கில் அது நிரம்பியிருந்தால் சிங்கப்பூரருக்கோ மலேசியருக்கோ மட்டும்தான் விட முடியும். முகவர் சொல்லும் 3,100 வெள்ளியை நம்புவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

ஏப்ரல் முதல் செப்டம்பர் என்கிறீர்களே, அதில்தான் இடிக்கிறது. வருகையாளராக பிரிட்டனில் அதிகபட்சம் 6 மாதம் இருக்கலாம். இங்கே குத்தகைக்குக் குறைந்தபட்சம் 6 மாதம். இரண்டும் ஒட்டி நிற்கின்றன. வீட்டை ஒழித்துக் கொடுத்த அன்றே நீங்கள் விமானம் ஏறமாட்டீர்கள், திரும்பி வந்து இறங்கும் அன்றே சாவி கைக்கு வந்துவிடாது. இரு பக்கமும் சில நாள் தம்பி வீட்டில் தங்க வழி இருந்தால்தான் அது நடக்கும். அதோடு ஆறு மாதத்துக்கென்று வருகிறவர்கள் குறைவு. பெரும்பாலோர் ஓராண்டு, ஈராண்டு என்றே கேட்பார்கள்.

அப்புறம் வரி. முழு வீட்டையும் விட்டால் சொத்து வரியில் உரிமையாளர் குடியிருக்கும் வீட்டுக்கான சலுகை விகிதம் போய்விடும். ஆண்டு மதிப்பு, அதாவது வீட்டை விட்டால் ஓராண்டுக்கு எவ்வளவு வாடகை வரும் என்று வரிக்காகப் போடும் மதிப்பு, 12,000 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே குடியிருந்தால் வரி ஒன்றுமில்லை, வாடகைக்கு விட்டால் 12%, அதாவது 1,440 வெள்ளி. சேவை, பராமரிப்புக் கட்டணத் தள்ளுபடியும் கிடைக்காது.

வருமான வரி அதைவிடப் பெரியது. 3,100 வீதம் ஆண்டுக்கு 37,200 வெள்ளி. செலவுக்கென்று 15% கழித்தால் 31,620. நீங்கள் இங்கே வரிவாசியாக, அதாவது வரிக்கணக்கில் இங்கே வசிப்பவராக, இருந்து வேறு வருமானமும் இல்லையென்றால் அதற்கு வரி 257 வெள்ளிக்குப் பக்கத்தில் வரும். வரிவாசி இல்லை என்று ஆகிவிட்டால் மொத்தத்துக்கும் ஒரே விகிதம், 24%. அது ஏறத்தாழ 7,590 வெள்ளி. ஆறு மாதம் போய் வருவதில் இந்தத் தொல்லை இல்லை. ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் இதைக் கணக்கில் சேர்த்தே ஆகவேண்டும்.

கால்வாய் சேகரன்:

மல்லிகா அம்மா, நான் உட்லண்ட்ஸில் வளர்ந்தவன். இப்போது 57 அடி நேரோபோட் ஒன்றில் மனைவியோடு இருக்கிறேன். பெரும்பாலும் கிராண்ட் யூனியன் கால்வாயின் லெஸ்டர் கிளையில்தான் எங்கள் நடமாட்டம். எங்கள் ஐந்தறை வீட்டில் ஒரு மலேசியக் குடும்பம் இருக்கிறது. உங்கள் கேள்வி நான் தினமும் யோசிக்கிற விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் விசா. வாடகை வருமானம் இருக்கிறது என்பதற்காக பிரிட்டனில் குடியிருக்க அனுமதி கிடைக்காது. சொந்த வருமானத்தில் ஓய்வுக்காலத்தைக் கழிப்பவர்களுக்கென்று இருந்த விசா 2008ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டுவிட்டது. உங்களுக்கு இருக்கும் வழி கணவர் மூலமாக வரும் குடும்ப விசாதான். அதற்கு ஆண்டுக்கு 29,000 பவுண்டு வருமானம் காட்டவேண்டும். வாடகையையும் அதில் சேர்க்கலாம், ஆனால் விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதங்களில் கைக்கு வந்த வாடகைதான் கணக்கு, இனி வரப்போவது செல்லாது. பவுண்டுக்கு 1.7 வெள்ளி என்று வைத்தாலும் உங்கள் 37,200 வெள்ளி 22,000 பவுண்டைத் தொடாது. மீதியைக் கணவருடைய வருமானமோ சேமிப்போ ஈடுகட்டவேண்டும். சேமிப்பை மட்டும் காட்டுவதானால் 88,500 பவுண்டு வேண்டும். அதனால் இருக்கிற சேமிப்பை எல்லாம் படகில் போட்டுவிடாதீர்கள். இதைத்தான் முதலில் அவரிடம் சொல்லவேண்டும்.

வருகையாளராகவே திரும்பத் திரும்ப வந்து ஆண்டில் பாதிக்கு மேல் அங்கேயே கழிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அடுத்தடுத்த வருகைகளால் அங்கேயே வாழ்வது விதிப்படி கூடாது. எல்லையில் அதிகாரி அதைத்தான் கேட்பார்.

இப்போது பணம். படகுக்கு வாடகை இல்லை என்பது சரி, ஆனால் படகு மாதாமாதம் கேட்காமல் மொத்தமாகக் கேட்கும். கால்வாய்களைப் பராமரிக்கும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்டின் உரிமக் கட்டணம் படகின் நீளத்தைப் பொறுத்தது, எங்கள் அளவுக்கு ஆண்டுக்கு ஆயிரம் பவுண்டைத் தாண்டும். நிலையான கட்டுமிடம் (படகைக் கட்டி நிறுத்தும் இடம்) இல்லாமல் சுற்றுபவர்களுக்கு 2024 ஏப்ரல் முதல் அதற்கு மேல் ஒரு கூடுதல் கட்டணமும் உண்டு, அது ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது. காப்புறுதி கட்டாயம். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்றிதழ். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, அடிப்பகுதியைச் சுரண்டிக் கழுவி, கறுப்புப் பூச்சு அடிக்கவேண்டும். அந்தச் சமயத்தில் அடித்தகடு தேய்ந்திருப்பது தெரிந்தால் அந்த ஆண்டின் வாடகை அதற்கே போகும்.

படகு வாங்கும்போது விற்பவர் 10-6-4 என்பார். அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கம் 6, மேல் அறை 4. அது கட்டியபோது இருந்த கனம். இன்றைக்கு எவ்வளவு இருக்கிறது என்பதை நீங்கள் அமர்த்தும் மதிப்பீட்டாளர் படகைத் தூக்கி வைத்து இடம் இடமாக அளந்து சொல்லவேண்டும். விற்பவர் காட்டும் பழைய அறிக்கையை வாங்கிக்கொண்டு திருப்தியடையாதீர்கள்.

அடுத்தது 14 நாள். கட்டுமிடம் இல்லாத படகு ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தொடர்ந்து நிற்கக்கூடாது என்பது 1995ஆம் ஆண்டுச் சட்டம். இந்த வாழ்க்கையின் அழகே அதில்தான் இருக்கிறது. இன்று ஃபாக்ஸ்டன், அடுத்த வாரம் வேறு ஊர். லாக் என்பது தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை மேலும் கீழும் கொண்டுபோகும், கதவுள்ள தொட்டி. ஃபாக்ஸ்டன் லாக் ஒருமுறை பார்த்தால் மறக்காது. பத்து லாக்குகள், ஐந்து ஐந்தாக இரண்டு படிக்கட்டுகள், படகு 75 அடி மலையேறும். 1814இல் திறந்தது இன்றும் கையால்தான் இயங்குகிறது. ஒவ்வொரு லாக்குக்கும் சிவப்பு அடித்த மதகு ஒன்று, வெள்ளை அடித்தது ஒன்று. விண்ட்லாஸ் என்கிற இரும்புக் கைப்பிடியை மாட்டி முதலில் சிவப்பைச் சுழற்றவேண்டும், பிறகுதான் வெள்ளை. சிவப்பைத் திறந்ததும் பக்கத்துக் குளத்தின் தண்ணீர் படகுக்கு அடியில் வந்து சேரும், படகு சத்தமில்லாமல் எழும். என் மனைவி இதைச் செய்யும்போது கரையில் நிற்கும் குழந்தைகளையும் கூப்பிட்டுக் கதவைத் தள்ளச் சொல்வாள்.

ஆனால் இப்படி நகர்ந்துகொண்டே இருப்பவருக்கு முகவரி கிடையாது. வங்கி, வரி அலுவலகம், காப்புறுதி எல்லாம் கடிதம் அனுப்ப ஓரிடம் கேட்கும். லெஸ்டரில் உங்கள் கணவரின் உறவினர் யாராவது ஒப்புக்கொண்டால் அது பெரிய உதவி.

இதைவிட முக்கியமானது சிங்கப்பூரில் உங்கள் வீட்டுச் சாவியை வைத்திருக்கும் ஆள். போன டிசம்பரில் எங்கள் வீட்டுக் குளியலறைத் தரையிலிருந்து கீழ்வீட்டுக் கூரையில் தண்ணீர் ஒழுகியது. வாடகைக்கு இருப்பவர் வாட்ஸ்ஆப்பில் படம் அனுப்பினார். மஞ்சள் கறை, அதன் நடுவில் சுண்ணாம்பு உப்பி நிற்கிறது. அங்கே காலை எட்டு மணி, எங்களுக்கு நள்ளிரவு. வீவகவில் இப்படிப்பட்ட ஒழுக்குக்கு மேல்வீட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் சேர்ந்தே பொறுப்பு. ஒப்பந்தக்காரரை அழைத்து, கீழ்வீட்டு முதியவரிடம் போய்ப் பேசி, ஓடு பெயர்த்து நீர்த்தடுப்பு போடும் நாட்களில் பக்கத்தில் நின்றது என் தங்கை மகன். அத்தனை நாளும் அந்தக் குடும்பத்துக்கு ஒரு குளியலறைதான். அந்த மாத வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னேன், அதுதான் நியாயம். அவன் இல்லாவிட்டால் நான் டிக்கெட் போட்டிருப்பேன், இரண்டு மாத வாடகை விமானத்துக்கே போயிருக்கும்.

வெளிநாட்டவருக்கு விட்டால் அவர்களுடைய அனுமதி அட்டையின் அசலைப் பார்ப்பது, கடப்பிதழோடு ஒத்துப்பார்ப்பது, அது செல்லுபடியாகிறதா என்று அதிகாரிகளிடம் சரிபார்ப்பது, இந்த மூன்றும் வீட்டுக்காரர் பொறுப்பு. படகிலிருந்து அசலைப் பார்க்க முடியாது.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில்: மூன்று மாதம் வாடகையே வராவிட்டாலும் படகில் அடுப்பு எரியும் என்ற அளவுக்குத் தனியாகப் பணம் இருந்தால் போகலாம். 3,100 வெள்ளியை மட்டும் நம்பி, அதில் வரியும் போக, இரண்டு பேர் இருப்பது இழுபறிதான்.

ஈசூன் மல்லிகா:

குமார் தம்பி, சேகரன் அண்ணன், இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. இரண்டையும் இவரிடம் படித்துக் காட்டினேன். 24% என்றதும் பேசாமல் உட்கார்ந்துவிட்டார், பிறகு தாளை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார். தம்பியிடம் சாவி விஷயம் கேட்டேன், பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். ஆனால் அம்மாவையும் வைத்துக்கொண்டு அவனுக்கு எவ்வளவு முடியும் என்று தெரியவில்லை.

இன்னும் ஒன்று கேட்கவேண்டும். பிரிட்டனிலும் இந்த வாடகைக்கு வரி கட்டவேண்டுமா? குளிர் எப்படி? எனக்கு ஏர்கானே ஆகாது.

கால்வாய் சேகரன்:

பிரிட்டனில் வரிவாசி ஆகிவிட்டால் உலகத்தில் எங்கே வரும் வருமானத்தையும் அங்கே காட்டவேண்டும். ஆனால் 2025 ஏப்ரல் 6 முதல் ஒரு சலுகை வந்திருக்கிறது. அதற்கு முன் தொடர்ந்து 10 ஆண்டு பிரிட்டனில் வரிவாசியாக இல்லாமல் இருந்தவர் புதிதாக வந்தால், முதல் 4 ஆண்டு வெளிநாட்டு வருமானத்துக்கு விலக்குக் கேட்கலாம். கேட்டால் அங்குள்ள தனிநபர் வரிவிலக்கு போய்விடும். உங்களுக்கு இது பொருந்தும். நான்கு ஆண்டுக்குப் பிறகு, சிங்கப்பூரில் கட்டிய வரியை அங்கே கட்டவேண்டியதில் கழிக்க இரு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. போவதற்கு முன் வரிக் கணக்காளர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

குளிர் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். அடுப்பில் புகையில்லா நிலக்கரி எரியும்வரை படகு சூடாகவே இருக்கும், சில நேரம் சன்னல் திறக்கவேண்டி வரும். இரவில் அணைந்துவிட்டால் காலையில் சன்னலின் உட்பக்கம் நீர் வழியும். சூரியத் தகடு டிசம்பரில் ஏதோ பேருக்குத்தான். மின்கலம் ஏற்ற எஞ்சினை ஓட்டவேண்டும், இரவு 8 மணியிலிருந்து காலை 8 மணிவரை அதை ஓட்டக்கூடாது. தண்ணீர் எடுக்கும் குழாய் உறைந்துவிட்டால் தொட்டியில் இருப்பதைச் சிக்கனமாகச் செலவழிக்கவேண்டும். கழிப்பறைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டுவது மழையிலும் உண்டு, பனியிலும் உண்டு. அதை யார் செய்வது என்று இரண்டு பேரும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

அதனால் ஏப்ரலில் வராதீர்கள். வெயில் காலத்தில் யாருக்கும் பிடித்துவிடும். வீட்டை வாடகைக்கு விடாமலே, நவம்பரில் ஒரு இரண்டு வாரம் விடுப்பு எடுத்து வந்து, ஒரு படகை வாடகைக்கு எடுத்துத் தங்கிப் பாருங்கள். குளிர்காலத்திலும் விடும் நிறுவனங்கள் சில இருக்கின்றன. அந்த மாதங்களில்தான் லாக்குகளைப் பழுதுபார்க்க மூடுவார்கள். தேதி முடிவானதும் இங்கே எழுதுங்கள், எந்தெந்த லாக் மூடியிருக்கிறது என்று டிரஸ்ட்டின் பட்டியலைப் பார்த்து, தடையில்லாத வழி ஒன்றைச் சொல்கிறேன்.