மாமியாரைப் பராமரித்துச் சோர்ந்துபோனேன்: ஆவிக்குரிய ஆறுதலை எங்கே தேடுவது?

கேள்வி: பொருநைக்கரைப் பெண்

சகோதர சகோதரிகள் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

எனக்கு 53 வயது ஆகிறது. பாளையங்கோட்டையில் இருக்கிறோம். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இரண்டு ஆண்டுகளாக மறதி நோயும் சேர்ந்துகொண்டது. கணவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார், பிள்ளைகள் வெளியூரில் படிக்கிறார்கள். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அத்தையைப் புரட்டிப் படுக்க வைப்பது, கஞ்சி ஊட்டுவது, துணி மாற்றுவது, இரவில் அவர்கள் கூப்பிடும்போதெல்லாம் எழுந்திருப்பது என்று எல்லாம் என் ஒருத்தியின் கையில்தான் நடக்கிறது. பொழுது சாய்ந்துவிட்டால், "எங்க அம்மா தேடுவா, என்னை வீட்டுக்குக் கொண்டு விடு" என்று தொடங்கி இரவு பத்து மணி வரை அதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கோவிலுக்குப் போய் ஏழு மாதங்கள் ஆகின்றன. காலை நான்கு மணிக்கு வேதாகமத்தைத் திறக்கிறேன். இரண்டு வசனம் படிப்பதற்குள் தூங்கிவிடுகிறேன். பார்க்க வருகிறவர்கள், "தாங்க முடியாத சோதனையைத் தேவன் கொடுக்கமாட்டார்" என்றும், "உங்களுக்குப் பரலோகத்தில் பெரிய பலன் இருக்கிறது" என்றும் சொல்லிக் காப்பி குடித்துவிட்டுப் போகிறார்கள். சென்ற மாதம் ஒரு நாள் ஊட்டிய கஞ்சியை அத்தை என் முகத்தில் துப்பியபோது, நான் அவர்களுடைய கையைப் பிடித்துத் தள்ளி, வாயில் வரக்கூடாத வார்த்தைகளைச் சொல்லிவிட்டேன். மறுநாள் எங்கள் சபையின் சேகர குருவானவர் வீட்டுக்கே வந்து அப்பமும் ரசமுமாகத் திருவிருந்து கொடுத்தார். அத்தை வாங்கினார்கள், நான் வாங்கவில்லை. உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னேன்.

ஆளை வைத்துக்கொள்ளுங்கள் என்ற யோசனையை நான் கேட்கவில்லை. அதற்கு எங்களிடம் வசதியில்லை. ஜெபிக்கவும் வாசிக்கவும் தெம்பில்லாதவளுக்குத் தேவனிடத்திலிருந்து ஆறுதல் எந்த வழியாக வரும் என்பதே என் கேள்வி. இப்படி எரிச்சல்படுகிறவளுக்கு விசுவாசம் இருக்கிறது என்று சொல்லலாமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற குருவானவர், நாகர்கோவில்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த வசனத்தை அதற்குரிய இடத்தில் வைத்துவிடுகிறேன், ஏனெனில் அது உங்களைத் தேவைக்கு அதிகமாகக் காயப்படுத்தியிருக்கிறது. "உங்கள் திராணிக்கு மேலாக நீங்கள் சோதிக்கப்படுகிறதற்கு அவர் இடங்கொடாமல்" என்று 1 கொரிந்தியர் 10:13 சொல்வது உண்மைதான். ஆனால் அந்த அதிகாரம் முழுவதும் விக்கிரக ஆராதனையையும் வேசித்தனத்தையும் முறுமுறுப்பையும் பற்றிப் பேசுகிறது. பாவத்துக்கு இழுக்கும் சோதனையே அங்கே பொருள். நம்முடைய பேச்சுத் தமிழில் வீட்டில் வியாதி வந்தாலும் கடன் வந்தாலும் "கடவுள் சோதிக்கிறார்" என்று சொல்லிப் பழகிவிட்டபடியால், எல்லாத் துன்பத்துக்கும் அந்த ஒரு வசனத்தை எடுத்து வைத்துவிடுகிறோம். அதே பவுல் அதே சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில், ஆசியாவில் தமக்கு நேரிட்டதைப் பற்றி, "பிழைப்போம் என்கிற நம்பிக்கை அற்றுப்போகத்தக்கதாக, எங்கள் பலத்திற்கு மிஞ்சின அதிக பாரமான வருத்தம்" என்று எழுதுகிறார். அப்போஸ்தலனுக்கே பலத்திற்கு மிஞ்சியது என்றால், உங்களுக்கு மிஞ்சியது என்று சொல்வதில் என்ன அவிசுவாசம் இருக்கிறது?

எரிச்சலைப் பற்றிக் கேட்டீர்கள். எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தை, தெம்பிருக்கும் ஒரு நாளில், யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பால் குடிக்கிற பிள்ளையைச் சுமப்பதுபோல இந்த ஜனங்களை மார்பில் சுமந்துபோகச் சொல்கிறீரே, இவர்களை நானா பெற்றேன் என்று மோசே கேட்கிறார். என்னால் தனியாகத் தாங்க முடியாது, இப்படிச் செய்வதைவிட என்னைக் கொன்றுபோடும் என்கிறார். ஊட்டியும் சுமந்தும் களைத்துப்போன ஒருவருடைய பேச்சு அது. கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. மூப்பரில் எழுபதுபேரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி, பாரத்தைப் பங்கிட்டுக் கொடுத்தார். பொறுமையைப் பற்றி ஒரு வார்த்தைகூட அந்த இடத்தில் மோசேயிடம் சொல்லப்படவில்லை.

இனி திருவிருந்தைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது இதுதான். நமது ஆராதனை முறையில் பாவ அறிக்கை ஏன் அப்பத்துக்கு முன்னால் வைக்கப்பட்டிருக்கிறது? மேசையிலிருந்து விழும் துணிக்கைகளையும் பொறுக்கப் பாத்திரரல்ல என்று சொல்லிக்கொண்டுதானே எல்லாரும் கையை நீட்டுகிறோம். நீங்கள் செய்தது தவறுதான். அதைத் தவறல்ல என்று நான் சொன்னால் நீங்களே என்னை நம்பமாட்டீர்கள். அத்தையிடம் மன்னிப்புக் கேளுங்கள், அவர்களுக்குப் புரியாவிட்டாலும் கேளுங்கள். பிறகு குருவானவரைக் கூப்பிட்டு, அன்றைக்கு நடந்ததை மறைக்காமல் சொல்லி, திருவிருந்து வாங்குங்கள். நாற்பது ஆண்டு ஊழியத்தில் நோயாளியின் கட்டிலுக்கு அருகே நான் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். அந்தக் கட்டிலுக்குப் பின்னால் நின்றவர்களை நிமிர்ந்து பார்க்கத் தவறியிருக்கிறேன் என்பதை உங்கள் கடிதம் எனக்கு உணர்த்தியது.

பதில் 2: மனைவியைப் பராமரித்தவர், தூத்துக்குடி

ஐயா எழுதியது சரி. ஆனால் மோசேக்கு எழுபதுபேர் கிடைத்தார்கள். எனக்கு ஒருவர்கூடக் கிடைக்கவில்லை என்று ஒன்பது ஆண்டுகளில் நான்கு ஆண்டுகளைக் கசப்போடு கழித்தவன் நான். என் மனைவிக்கு நடுக்குவாதம் இருந்தது. முதல் ஆண்டு வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு இருபதுபேர் வந்தார்கள், மூன்றாம் ஆண்டில் இரண்டுபேர், அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ் கேக் மட்டும் வந்தது. அந்தக் கசப்பை நியாயப்படுத்த எனக்கு எத்தனையோ காரணங்கள் இருந்தன. ஆனால் நான் யாரிடமும் எதையும் கேட்கவில்லை என்பதும் உண்மை. "உங்களுக்காக ஜெபிக்கிறோம், ஏதாவது வேண்டுமா?" என்று கேட்டவர்களிடம் "ஒன்றும் வேண்டாம், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி அனுப்பியவன் நானே.

ஐந்தாம் ஆண்டில் சபை ஊழியரிடம் போய், "ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து பத்தரை வரை வீட்டில் உட்கார ஓர் ஆள் வேண்டும், மாதத்தில் இரண்டு ஞாயிறு போதும்" என்று நேரத்தையும் நாளையும் சொல்லிக் கேட்டேன். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நான்கு அம்மாக்கள் முறை வைத்துக்கொண்டார்கள். "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டபோது வராதவர்கள், "எட்டு மணிக்கு வாருங்கள்" என்று கேட்டபோது வந்தார்கள். திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு சுமந்து கூரையைப் பிரித்து இறக்கிய நால்வரைப் பற்றி மாற்கு எழுதும்போது, "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்றுதான் எழுதுகிறார். உங்களுக்கு விசுவாசம் இருக்கிறதா என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் அதுதான்: சில காலம் மற்றவர்களுடைய விசுவாசத்தில் நாம் படுத்துக்கொள்ளலாம்.

தனி ஜெபத்துக்கு வருகிறேன். நான்கு மணிக்கு எழுவதை விட்டுவிடுங்கள் சகோதரி, அந்த நேரத்தில் தூங்குங்கள். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த 121ஆம் சங்கீதம் உங்களுக்கும் நினைவிருக்கும். அதில் எட்டு வசனங்கள். மனைவியைப் புரட்டிப் படுக்க வைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வசனத்தை வாய்விட்டுச் சொல்வேன். இரவு இரண்டு மணிக்கு, "இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை" என்று சொல்லிவிட்டு, அவர் விழித்திருக்கிறபடியால் நான் தூங்கலாம் என்று படுத்துவிடுவேன். அதற்கு மேல் ஒன்றும் என்னால் முடிந்ததில்லை.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் விழுந்து காயப்பட்ட பிறகு 1951இல் இறக்கும் வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்தார். அந்த இருபது ஆண்டுகளின் பொறுமையைப் பற்றி நமது பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். அவருக்குப் படுக்கை விரித்தவர்களையும் தண்ணீர் கொண்டுவந்தவர்களையும் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம்? நம்மைப் போன்றவர்களைப் பற்றிப் பேசுவதற்குச் சபைக்கு இன்னும் வார்த்தை கிடைக்கவில்லை. அதற்காகத் தேவனும் நம்மைக் காணவில்லை என்று நான் நினைத்திருந்ததுதான் தவறு.

பதில் 3: ஓய்வுபெற்ற செவிலி, வேலூர்

உங்கள் கேள்வி ஆவிக்குரியது என்று தெரிந்தும் உடம்பைப் பற்றி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே என்று சொன்னபோது தூதன் அவரிடம் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. தட்டி எழுப்பி, சாப்பிட வைத்து, மறுபடியும் தூங்க விட்டான். பேச்சு ஒரேப் மலைக்குப் போன பிறகுதான் தொடங்கியது. ஆறு ஆண்டுகள் இரவில் துண்டு துண்டாகத் தூங்குகிறவருக்கு வேதம் வாசிக்கும்போது கண் சொருகுவதும், சிறிய காரியத்துக்குக் கை நீள்வதும் எங்கள் வார்டுகளில் நாங்கள் தினமும் பார்த்தவைதான். வாழ்க்கையே வெறுத்துப்போகிறது என்ற எண்ணம் வந்தால், அதைப் பாவம் என்று மறைக்காமல் 14416 என்ற எண்ணில் பேசுங்கள். அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் அது, கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து வலி நிவாரணப் பராமரிப்பும் இயன்முறைச் சிகிச்சையும் தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அத்தையின் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

மாலை நேரத்துப் பதற்றம் மறதி நோயில் பலருக்கு வருவது. அவர்கள் வேண்டுமென்று செய்வதில்லை. இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போட்டுவிடுங்கள். "இதுதான் உங்கள் வீடு" என்று வாதாடாதீர்கள், "உங்க அம்மா எப்படி இருப்பாங்க?" என்று கேளுங்கள். பெயர்களும் முகங்களும் மறந்துபோனவர்களுக்கும் சிறுவயதில் பாடிய பாட்டு பெரும்பாலும் நிலைத்திருக்கும். அத்தை சிறுமியாக இருந்த காலத்தில் அவர்கள் வீட்டில் பாடிய பழைய கீர்த்தனை எது என்று உறவினர்களிடம் விசாரித்து, ஐந்தரை மணி வாக்கில் பாடிப் பாருங்கள். அதுவே உங்களுக்கு மாலை ஜெபமாகவும் இருந்துவிட்டுப் போகட்டும்.

பதில் 4: கத்தோலிக்கப் பெண், திருச்சி

எங்கள் திருச்சபையில் பிப்ரவரி 11ஆம் நாளை உலக நோயாளர் நாளாக அனுசரிக்கிறோம். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992இல் ஏற்படுத்தியது. சில ஆண்டுகளுக்கு முன் அந்தத் திருப்பலிக்கு என் தகப்பனாரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனபோது, அருள்பணியாளர் அவருக்கு ஆசி அளித்துவிட்டு என்னிடம் திரும்பி, "உனக்கு என்ன வேண்டிக்கொள்ள?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை, அழுகைதான் வந்தது. உரோமையர் 8ஆம் அதிகாரத்தில் தூய ஆவியார் சொல்லில் அடங்காத பெருமூச்சுகள் வழியாக நமக்காகப் பரிந்து பேசுகிறார் என்று வாசிக்கும்போதெல்லாம் அந்த நாள் ஞாபகம் வரும். உங்கள் பெயர் தெரியாவிட்டாலும் இன்றிரவு உங்களுக்காக ஒரு செபம் சொல்கிறேன், அக்கா.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: பொருநைக்கரைப் பெண்

எழுதிய அனைவருக்கும் நன்றி. பத்து நாட்கள் கழித்துத்தான் உட்கார்ந்து எழுத முடிந்தது.

ஐயா சொன்னபடி அத்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ யாரு, டீச்சரா?" என்று கேட்டார்கள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. சேகர குருவானவரிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். புதன்கிழமை வருகிறேன் என்றார். தூத்துக்குடி அண்ணாச்சி எழுதியதுபோல நேரம் குறித்துக் கேட்பதற்கு இன்னும் எனக்கு நாக்கு எழவில்லை, ஆனால் சாத்தான்குளத்தில் இருக்கும் நாத்தனாரிடம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்து தங்கும்படி கேட்டிருக்கிறேன். பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். நான்கு மணி அலாரத்தை எடுத்துவிட்டேன்.

அந்த நாத்தனாரிடம்தான் கீர்த்தனையையும் விசாரித்தேன். மூன்று நாட்கள் பாடியும் அத்தை காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. நான்காம் நாள் இரண்டாம் சரணத்தில் நான் ஒரு சொல்லை மாற்றிப் பாடியதும், கோபமாகத் திரும்பிப் பார்த்துச் சரியான சொல்லைச் சொன்னார்கள். அன்றைக்கும் ஏழு மணிக்கு மேல் வீட்டுக்குக் கொண்டு விடு என்ற பேச்சு தொடங்கத்தான் செய்தது.

வேலூர் அம்மாவிடம் ஒரு சந்தேகம்: இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவதை, காற்று மெத்தை போட்டிருந்தால் சற்றுத் தள்ளிச் செய்யலாமா? இடுப்பில் இதுவரை புண் இல்லை. குதிகாலில் மட்டும் லேசாகச் சிவந்திருக்கிறது.