கூடுதல் விளக்கு மாட்டிய பிறகு ஹாரன் கம்முகிறது: உதவி தேவை

தேவகோட்டை ரஸ்தா
வணக்கம். வண்டியில் இரண்டு எல்இடி விளக்குகள் மாட்டியதிலிருந்து ஹாரன் கம்மிய குரலில்தான் ஒலிக்கிறது. இண்டிகேட்டர் போட்டால் ஒரு முறை எரிந்து அப்படியே நின்றுவிடுகிறது. பேட்டரி புதியது. காரைக்குடியில் இரவுப் பணி முடிந்து திரும்பும்போது மாடுகள் சாலையிலேயே படுத்திருப்பதால் கூடுதல் வெளிச்சம் இல்லாமல் ஓட்ட முடியவில்லை. தைப்பூசம் வேறு நெருங்குகிறது. விரைவாக ஒரு வழி சொல்லுங்கள்.

பள்ளத்தூர்க்காரன்
என்ன வண்டி, எந்த ஆண்டு, விளக்கு எத்தனை வாட், லைனை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று ஒன்றுமே சொல்லவில்லையே! செல்ஃப் உண்டா, கிக்கர் மட்டுமா?

கண்டனூர் சாலை
ரிலே, அதாவது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச், போட்டிருக்கிறீர்களா? போடாவிட்டால் முதலில் அதைப் போடுங்கள். இந்த மாதிரித் தொல்லைகள் பெரும்பாலும் ரிலேயோடு தீர்ந்துவிடும்.

ஆத்தங்குடி
ரிலேயெல்லாம் பிறகு. சிறிய பேட்டரியை எடுத்துவிட்டு 5 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி ஒன்றை வையுங்கள். இடம் போதாவிட்டால் தகட்டைக் கொஞ்சம் வளைத்துப் பொருத்திக்கொள்ளலாம்.

வயரிங் வாத்தியார்
தம்பி, வண்டியின் பெயரைக்கூடச் சொல்லாமல் வைத்தியம் கேட்கிறீர்கள். கேட்ட மாத்திரத்தில் இருவர் மருந்தும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இதைப் பற்றி நான் பலமுறை விளக்கமாக எழுதியிருக்கிறேன், தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. ஆண்டைச் சொல்லுங்கள். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் எஞ்சின் ஓடும்வரை முகப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், அவற்றின் கணக்கு வேறு.

தேவகோட்டை ரஸ்தா
2012 ஸ்பிளெண்டர், கிக்கர் மட்டும். விளக்கு ஒவ்வொன்றும் 20 வாட் என்று அட்டையில் போட்டிருக்கிறது. ஹாரனுக்குப் போகும் கம்பியிலிருந்து லைன் எடுத்துத் தந்தார்கள். ரிலே இல்லை. பேட்டரியில் 2.5 ஏஎச் என்று அச்சிட்டிருக்கிறது.

கண்டனூர் சாலை
நான் சொன்னேன் அல்லவா, ரிலே இல்லை!

பள்ளத்தூர்க்காரன்
ரிலே வேண்டியதுதான், ஆனால் அது மின்சாரத்தை உற்பத்தி செய்யாது. மெல்லிய கம்பியிலும் சுவிட்சிலும் பாய்கிற சுமையை அது வேறு வழியில் திருப்பிவிடும், அவ்வளவே. அதன் காயிலே ஏறத்தாழ 2 வாட் குடிக்கும் என்பதையும் இத்தனை சிறிய பேட்டரியில் மறக்கக் கூடாது.

பேட்டரியைப் பெரிதாக்குவதும் வரத்துக்கால் தூர்ந்து கிடக்கையில் ஊருணியை மட்டும் ஆழமாக வெட்டுவது போன்றதுதான். வற்றுவதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரமாகும், நிரம்பப் போவதில்லை.

இந்த வயது ஸ்பிளெண்டரில் முகப்பு விளக்கு பேட்டரியிலிருந்து எரிவதில்லை. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட் காயிலிலிருந்து வரும் ஏசி மின்சாரத்தில் நேரடியாக எரிகிறது. எஞ்சினை நிறுத்தினால் அது அணைந்துபோவதையும், ரேஸ் கொடுத்தால் பிரகாசமாவதையும் நீங்களே பார்த்திருப்பீர்கள். பேட்டரிக்குப் போகும் பங்கு மிகச் சிறியது. ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் விளக்கு ஆகிய அவ்வப்போது பயன்படும் பொருள்களை மனத்தில் வைத்தே அந்தப் பங்கை ஒதுக்கியிருக்கிறார்கள். நீங்கள் மாட்டியிருப்பதோ விடாமல் எரியும் 40 வாட். அதை 12 வோல்ட்டால் வகுத்தால் 3.3 ஆம்பியர் வருகிறது. சார்ஜே ஏறாவிட்டால் 2.5 ஏஎச் பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ஓரளவு சார்ஜ் ஏறிக்கொண்டிருப்பதால்தான் வீடு வரை வந்து சேர்கிறீர்கள்.

அட்டையில் போட்டிருக்கும் வாட்டை நம்ப வேண்டாம். மல்டிமீட்டரை விளக்குக் கம்பியோடு தொடரில் வைத்து விளக்கு உண்மையில் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பாருங்கள்.

ஆத்தங்குடி
அப்படியானால் 35 வாட் ஹாலஜன் பல்பை எடுத்துவிட்டு எல்இடி போட்டால் அந்த மிச்சம் பேட்டரிக்குப் போய்விடுமே!

வயரிங் வாத்தியார்
போகாது. ஏசி பக்கம் மிச்சமாவது ஏசி பக்கமே நின்றுவிடும், அதை மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் எர்த்துக்கு, அதாவது வண்டியின் உடலுக்கு, தள்ளி வெப்பமாக்கிவிடும். அதோடு ஏசியில் எல்இடி சிமிட்டும். முறையான வழி ஒன்றுதான் உண்டு. காயிலின் ஒரு முனை உள்ளேயே எர்த்தில் பற்ற வைக்கப்பட்டிருக்கும். அதைப் பிரித்து வெளியே கொண்டுவந்து, இரு முனைகளையும் ஏசி முழுவதையும் பேட்டரிக்கு ஏற்ற டிசியாக மாற்றும் ஃபுல் வேவ் ரெக்டிஃபையர் ரெகுலேட்டரில் கொடுத்து, முகப்பு விளக்கு உட்பட எல்லாவற்றையும் பேட்டரிப் பக்கம் மாற்ற வேண்டும். ஹாலஜனை எல்இடியாக மாற்றுவது அப்போதுதான் பயன்தரும். மேக்னெட் மூடியைத் திறந்து பற்றவைப்பு பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள், நீங்களே இறங்கிவிடாதீர்கள்.

குன்றக்குடி மயில்
விளக்குக்காரர்களுக்கு என்னுடைய ஒரு வேண்டுகோள். காவடியோடு பழனிக்கு நடக்கிறவர்கள் இருட்டில் சாலை ஓரமாகத்தான் போகிறார்கள், எதிரே வரும் வண்டியின் வெள்ளை வெளிச்சம் கண்ணில் பட்டால் அடுத்த அடி எங்கே வைப்பது என்று தெரிவதில்லை. உங்கள் பேட்டரியைவிட இது முக்கியம்.

கண்டனூர் சாலை
மஞ்சள் விளக்குப் போட்டால் கண்ணும் கூசாது, மின்சாரமும் குறைவாகவே பிடிக்கும்.

பள்ளத்தூர்க்காரன்
நிறத்துக்கும் ஆம்பியருக்கும் தொடர்பே இல்லை, அண்ணே. 20 வாட் மஞ்சளும் 20 வாட்தான். கூசுவது சாய்வைப் பொறுத்தது. வண்டியில் ஒருவர் உட்கார்ந்திருக்க, அதைச் சுவருக்கு எதிரே சில மீட்டர் தள்ளி நிறுத்தி, விளக்கின் உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். ஒளியின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்குக் கீழே விழ வேண்டும்.

ஆத்தங்குடி
1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி வண்டியில் எதையுமே மாற்றக் கூடாதாமே?

வயரிங் வாத்தியார்
பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு முரணாக மாற்றக் கூடாது என்றுதான் அந்தப் பிரிவு சொல்கிறது. அரைகுறையாகப் படித்துவிட்டு எல்லாவற்றுக்கும் அதையே நீட்டாதீர்கள்.

குன்றக்குடி மயில்
சட்டம் எப்படியோ போகட்டும், ஐயா. எதிரே ஆள் வந்தால் அணைப்பதற்குத் தனிச் சுவிட்ச் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

பள்ளத்தூர்க்காரன்
ரஸ்தாக்காரரே, சீட்டைத் திறந்து பேட்டரி முனைகளில் மீட்டரை வையுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, விளக்குகளைப் போட்டு, கொஞ்சம் ரேஸ் கொடுத்தால் 13.5க்கு மேல் ஏற வேண்டும். ஏறாமல் நின்றாலோ இறங்கிக்கொண்டே போனாலோ சுமை மிகுதி, வேறு ஆராய்ச்சி தேவையில்லை. ஹாரன் கம்பியில் ஒட்டு போட்ட இடத்தையும் பிரித்துப் பாருங்கள். டேப் இளகிப் பிசுபிசுப்பாக இருந்தால் அங்கே சூடேறுகிறது.

தேவகோட்டை ரஸ்தா
பார்த்துவிட்டேன். ஓய்வில் 12.2, விளக்கோடு ரேஸ் கொடுத்தால் 12.4க்கு மேல் போகவில்லை. டேப் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது, உள்ளே கம்பி கறுத்திருக்கிறது. ஒரு விளக்கைக் கழற்றிவிட்டேன், இப்போது இண்டிகேட்டர் துடிக்கிறது. நன்றி.

பள்ளத்தூர்க்காரன்
ஒரு விளக்கோடு ரேஸ் கொடுத்தால் எத்தனை வோல்ட் காட்டுகிறது? அதைச் சொல்லாவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. இருக்கும் ஒன்றையும் ஹாரன் லைனிலிருந்து எடுத்துவிடுங்கள். பேட்டரியிலிருந்து தனிக் கம்பி, முனைக்கு அருகிலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ், ரிலேயைத் தூண்டும் லைன் மட்டும் சாவியிலிருந்து வர வேண்டும். சாவியை எடுத்தால் விளக்கும் அணைந்துவிடும்.

கண்டனூர் சாலை
கடைசியில் ரிலேயில்தான் வந்து நின்றிருக்கிறது.

புதுவயல் பயணி
என் வண்டியும் இதே ஸ்பிளெண்டர்தான், ஆனால் செல்ஃப் உள்ளது. ரஸ்தாக்காரர் கழற்றிய அந்த ஒரு விளக்கை விற்கிறாரா?